ஓடைப்பட்டிச் சக்களத்தி

பேராசிரியர் ஏசுதாசன் நடந்து வந்தால் மட்டும் ஓடைப்பட்டிப் பாலம் ஒரு முழம் தாழ்ந்து கொடுத்தது. லாரிக்குத் தாழாது, திராட்சை ஏற்றிய மாட்டுவண்டிக்கும் தாழாது. 1965-இல் பாலம் திறந்த வாரமே ஊர் இதைப் பார்த்துவிட்டது. திராட்சை அறுப்பு நேரம் என்பதால் யாரும் வேலையை விட்டுவிட்டு நின்று பேசவில்லை.

ஏசுதாசன் மதுரையில் பொறியியல் கல்லூரியில் சிவில் பாடம் நடத்தினார். ஊருக்கு வெளியே ஓடும் காட்டாறு ஐப்பசியில் பெருகினால் பஸ் அக்கரையிலேயே நின்றுவிடும். அவருடைய தங்கை சாராள் பிரசவ வலியோடு இக்கரையில் காத்துக் கிடந்து செத்துப்போனாள். அடுத்த கோடையில் அவர் மாணவர்களைக் கூட்டிவந்து ஆற்று மண்ணைத் தோண்டிப் பார்த்து, மூன்று தூணில் பாலத்துக்குப் படம் போட்டார். காங்கிரீட் ஊற்றியபின் வெயிலில் வெடித்துவிடக் கூடாதென்று சாக்கை நனைத்துத் தன் கையாலேயே போர்த்தினார். காய்ச்சலில் கிடந்த தனக்கு அவர் ஒருநாளும் ஈரத்துணி போட்டதில்லை என்பதை அவர் மனைவி ஞானபாக்கியம் அன்றைக்கே நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமைதோறும் அவர் மதுரையிலிருந்து வருவார். பாலத்துக்கு முன்பே இறங்கிக்கொள்வார். ஞானபாக்கியம் காத்திருக்கும் நிறுத்தத்துக்கு பஸ் அவர் இல்லாமல் வந்து சேரும். அவர் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு, வெயிலைப் பற்றியும் வெள்ளத்தைப் பற்றியும் அதனிடம் விசாரித்துக்கொண்டு, மெதுவாக நடந்து வருவார். வீட்டுக்கு வந்தபின் பேச அவரிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. பிள்ளையில்லாத வீடு வேறு. அவர் சட்டையைத் துவைக்கையில் சிமெண்ட் வாசம் அடிக்கும். அவள் அதைக் கல்லில் ஓங்கி அடிப்பாள். மாணவர்கள் ஆண்டுதோறும் பாலத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்களில் பலர் பிறகு அணை கட்டினார்கள், சாலை போட்டார்கள். வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட ஞானபாக்கியம் பாலத்தைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

1972-இல் அவள் பெட்டியைக் கட்டினாள்.

"நான் ஆண்டிபட்டிக்கு அக்கா வீட்டுக்குப் போறேன். நீங்க அவளோட இருந்துக்கங்க."

"யாரோட, பாக்கியம்?" என்றார் ஏசுதாசன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

அவள் பெட்டியோடு பாலத்தில் கால் வைத்ததும் பாலம் தாழ்ந்தது. அவருக்குத் தாழ்வதைவிடக் கூடுதலாகவே, தண்ணீரைத் தொடுமளவுக்குப் பணிந்து அவளுக்கு வழிவிட்டது. ஞானபாக்கியம் நின்றுவிட்டாள்.

"என்னைய அனுப்பி வைக்கிறதுல ஒனக்கு அம்புட்டுச் சந்தோசமாடி?" என்று கத்தினாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பெட்டியோடு வீட்டுக்கே திரும்பினாள். அதன்பின் ஊரைவிட்டுப் போகும் பேச்சை எடுக்கவில்லை.

1981-இல் ஏசுதாசன் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார். அணைகளிலிருந்தும் சாலைகளிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். கல்லறைத் தோட்டம் அக்கரையில் இருந்தது. பெட்டி வந்தபோது பாலம் தாழ்ந்தது. அதை எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கடைசி ஆள் இறங்கியதும் அது தூண்களை ஆற்றிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு ஊர்வலத்தின் பின்னால் நடந்து வந்தது. கோயில் மாட்டுக்கு ஒதுங்குவதுபோல ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அது குழிக்கு மேலே குறுக்காக நின்று நிழல் கொடுக்கும்வரை பாஸ்டர் ஜெபத்தைத் தொடங்காமல் காத்திருந்தார்.

"இங்கனயும் வந்துட்டியா?" என்றாள் ஞானபாக்கியம். அன்று அவள் அழுதது துக்கத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

பஸ் சில காலம் சுற்றிப் போனது. ஏசுதாசனிடம் படித்து, தேனியில் நெடுஞ்சாலை இன்ஜினியராக இருந்த கர்ணன் புதுப் பாலம் கட்டினார். நல்ல உறுதியான பாலம். ஆனால் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. சாயங்காலங்களில் கர்ணன் ஜீப்பைத் தூரத்தில் நிறுத்திவிட்டு அதன்மேல் இங்கும் அங்கும் நடப்பார். இறங்கிவந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் வெறித்துப் பார்ப்பார். ஊரார் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்கள்.

1987-இல் ஞானபாக்கியத்துக்கு உடம்பு முடியாமல் போனது. புருசனுக்குப் பக்கத்திலேயே தனக்கு இடம் வேண்டுமென்று சபைச் செயலாளர் செல்வமணியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள்.

"பக்கத்துல தூணுல்ல நிக்குது, அக்கா. அங்கன வேப்பமரத்தடியில நல்ல எடம் இருக்கு" என்றார் அவர்.

"வேப்பமரத்தடியில போயி நீ படு" என்று சொல்லிவிட்டு அவள் தூணிடம் போனாள். "அவுக உசிரோட இருந்தப்ப பூராம் நீதான் வச்சிருந்த. இப்பவாச்சும் தள்ளி நில்லு."

பாலம் அசையவில்லை. அத்தனை வருசத்தில் முதல்முறையாக அவள் அதைத் தொட்டாள். அடித்தூணில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிந்தது. துரு அவள் உள்ளங்கையில் ஒட்டியது.

"ஒன்னையும் ஆரும் பாக்கலையாக்கும்" என்றாள். முந்தானையால் துருவைத் துடைத்துவிட்டாள். "சரி, போகவேணாம். இம்புட்டுப் போலத் தள்ளிக்க."

தரை லேசாக அதிர்ந்தது. புழுதி அடங்கியதும் செல்வமணி டேப்பை எடுத்து இடத்தை அளந்தார். ஓர் ஆளுக்குத் தாராளமாகப் போதும் என்றார்.