பள்ளத்தாக்கைத் தாண்டும் கம்பி

அண்ணனின் மானத்தை வாங்கியே தீருவது என்று தங்கை முடிவு செய்தது, மின்கோபுரத்தின் அடியில் அத்தனை பேர் முன்னாலும் அவன் அவளைக் கிண்டலடித்த காலையில்தான். இருவருக்கும் ஒரே கம்பெனி. அவன் கம்பி இழுக்கும் கூட்டத்துக்குத் தலைவன். இவள் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர்.

பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் கம்பி அது. சமவெளியில் கோபுரங்கள் கிட்டக்கிட்ட நிற்கும். அங்கே கம்பியின் தொய்வைப் பரவளையம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அண்ணன் காலமெல்லாம் அப்படித்தான் போட்டான். இவ்வளவு நீளத்துக்கு அது செல்லுமா? தன் எடையில் தானே தொங்கும் கம்பிக்கு அதிபரவளையச் சார்பு வேண்டும், 'காஷ்' என்பார்களே, அது. அவள் போட்டுப் பார்த்தாள். அண்ணன் கணக்கைவிட ஒன்றரை மீட்டர் கீழே இறங்கியது. கீழே சாலை.

"அண்ணா, இதுக்கு காஷ் போடணும். கம்பி இறங்கிடும்."

"அதெல்லாம் கம்பிக்குத் தெரியுமாம்மா? நீ காலேஜ்ல படிச்சத அதுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு."

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்ன வயதிலிருந்தே இதே கூத்து. அவனும் படட்டும் என்று அவன் கணக்கையே வரைபடத்தில் ஏற்றிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். கையெழுத்தில்லாமல் கம்பி ஏறாது, கம்பி ஏறாமல் அவன் தலை எப்படிக் குனியும்?

மின்சாரம் விடுமுன் அளந்து பார்க்க வந்த அதிகாரி முகத்தைச் சுளித்தார். "ரொம்பத் தாழ்வா இருக்கே. யார் கணக்கு?"

அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அண்ணனோ அசரவே இல்லை. வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

"நாங்க இழுக்கிற ஆளுங்க சார். இன்ஜினியர் போட்டபடி இழுத்தோம்."

"நான் அன்னிக்கே சொன்னேனே. இவங்க எல்லாரும் கேட்டாங்க" என்றாள் தங்கை.

ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

"தெரிஞ்சும் எதுக்கும்மா கையெழுத்து போட்டீங்க?" என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி.

"பாவம் சார், விட்டுடுங்க" என்று அண்ணன் பரிந்து பேசினான். அவர் விடவில்லை. அவளுடைய கையெழுத்துப் போடும் உரிமை அந்த வாரமே பறிபோனது.

அண்ணன் அவள் மேஜையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலில் அப்படி ஒரு பாசம்.

"அந்த காஷ் கணக்கப் போட்டுக் குடும்மா. கையெழுத்த வேற ஆள்கிட்ட வாங்கிக்கறேன்."

வேலையாவது மிஞ்ச வேண்டுமே, போட்டுக் கொடுத்தாள். மறுபடி இழுத்த கம்பி அவள் சொன்ன உயரத்தில் அச்சுப் பிசகாமல் நின்றது. எல்லோரும் அண்ணனுக்குக் கைகொடுத்தார்கள்.