வெண்ணெய் வாசனை

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்ட வேண்டியதைத் திட்டிக்கொள்ளுங்கள். பதினோரு வருடமாக ஒரு பப்பில் பீர் காய்ச்சுகிறேன். பீரில் வெண்ணெய் வாசனை அடித்தால் எனக்குத் தெரியாது. மற்ற எல்லா வாசனையும் தெரியும், அந்த ஒன்றுக்கு மட்டும் பிறவியிலேயே என் மூக்கு வேலை செய்யாது. லாகர் என்பது குளிரில் வைத்து முதிரவிடும் பீர். அது சரியாக முதிராவிட்டால் அந்த வாசனைதான் தங்கிவிடும், குடிப்பவர் முகம் சுளிப்பார். லாகர் காய்ச்சுகிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டுமா?

இது என் தங்கை ஒருத்திக்குத்தான் தெரியும். பாரைப் பார்த்துக்கொள்வது அவள்தான். ஒவ்வொரு டாங்க் பீரையும் விற்பனைக்குத் திறப்பதற்கு முன் அவள் முகர்ந்து பார்த்துச் சொல்வாள். அதை நான் என் தீர்ப்பாக முதலாளியிடம் போய்ச் சொல்வேன். அவளும் கண்டுகொண்டதில்லை.

போன மாதம் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். உங்கள் பீரின் ரகசியம் என்ன என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “எல்லாம் இந்த மூக்குதாங்க” என்று சொல்லி, பக்கவாட்டில் திரும்பி போட்டோவுக்கும் நின்றேன். அன்றிலிருந்து எனக்கு ‘மூக்கர்’ என்று பெயர். தங்கை அந்தப் பேட்டி வந்த பேப்பரை நான்காக மடித்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். பத்தொன்பது நாள் பேச்சுவார்த்தை இல்லை. தினமும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்கு வந்தோம் என்பது வேறு விஷயம்.

இன்று மாலை ஐந்து மணிக்கு எங்கள் வசந்தகால லாகரைத் திறப்பதாக முதலாளி வாசலில் பலகை வைத்திருந்தார். ஜெர்மன் பாணி, மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, தூக்கலாகப் போட்டது. காலையில் டாங்கிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்தேன். தேன் நிறம், அடர்ந்த நுரை. முதல் வாயில் ரொட்டியின் முறுகிய ஓரம், பிறகு மெல்லிய இனிப்பு, கடைசியில் கொஞ்சமே கொஞ்சம் கசப்பு. சொக்கிப்போனேன்.

இன்னொரு கிளாஸைப் பிடித்து, மூடி, வெந்நீரில் வைத்தேன். குளிரில் ஒளிந்திருக்கும் வாசனை சூட்டில் வெளியே வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் முன்னால் வைத்தேன். அவள் துடைத்துக்கொண்டிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மூடியைத் திறந்து இரண்டு முறை முகர்ந்தாள்.

“வெண்ணெய்” என்றாள். மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை நாள் இல்லாத வெண்ணெய் இன்றைக்குப் பார்த்தா வரும்? பழிவாங்குகிறாள் என்றே நினைத்தேன்.

“பேப்பர் கோவத்த பீர்ல காட்டாத.”

“கோவம் உன்மேல. பீர் என்ன பண்ணுச்சு?”

கிளாஸைப் பிடுங்கி நானே முகர்ந்தேன். மூக்கு எரிகிறவரை முகர்ந்தேன். ரொட்டிதான் வந்தது. அவள் சொல்வது நிஜமானால், இன்று ஊற்றுகிற ஒவ்வொரு கிளாஸும் என் மானத்தை வாங்கிவிடும். ஊற்றாமல் விட்டால், ஏன் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு வேலையும் தெரியாது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். டாங்கிலிருந்து குளிரக் குளிர ஒரு கிளாஸ் பிடித்து பாதியை ஒரே மூச்சில் குடித்தார். பிரமாதம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் கதை முடிந்தது.

“என்ன மூக்கரே, திறந்துடலாமா?”

தங்கை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு துடைத்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் என்னிடம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறாள், ஒரு பொய் சொன்னதில்லை. அவளை வைத்துப் பொய் சொன்னவன் நான்தான்.

“வேணாம் சார்” என்றேன். “வெண்ணெய் அடிக்குது. எனக்குத் தெரியல. எனக்கு எப்பவுமே தெரியாது. இத்தனை வருஷமா மோந்து பாத்துச் சொன்னது இவதான்.”

துடைக்கிற கை நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சூடு பண்ணிய கிளாஸை எடுத்து முகர்ந்ததும் அவர் முகம் சுருங்கியது. நேராகப் போய் வாசல் பலகையை உள்ளே தூக்கி வந்து சுவரில் சாய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல், இது சரியாக எத்தனை நாள் ஆகும் என்று தங்கையிடம் கேட்டார்.

பதினோரு வருடத்தில் அந்தக் கேள்வி என்னைத் தாண்டிப் போனது அதுதான் முதல் தடவை. எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் வலித்தது, சொன்னால் என்ன.

“அது எனக்குத் தெரியாது சார்” என்றாள் தங்கை. “இருக்கா இல்லையான்னு மட்டும்தான் நான் சொல்வேன். அத சரிபண்ணத் தெரிஞ்சது அண்ணனுக்குத்தான்.” பிறகு என்னைப் பார்த்தாள். “சொல்லுண்ணா.”

புது ஈஸ்ட் கொஞ்சம் சேர்த்து, குளிரைக் குறைத்து வைத்தால் பத்து நாள். சொல்லத்தான் வாயெடுத்தேன், அதற்குள் கைகள் முந்திக்கொண்டன. பத்து விரல்களையும் நீட்டிக் காட்டினேன்.