சன்னம் இறங்கும் ஆழம்

ஊர்ச் சண்டையில் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர் வின்சன்ட் அங்கிள். அவருடைய ஒரே மகள் கத்தரின் 2006 கோடையில் முறைப்படி அனுமதிப்பத்திரம் எடுத்து ஒரு துவக்கு வாங்கினாள், இலக்குத்தாளில் சுட. அங்கிள் மூன்று நாள் அவளோடு கதைக்கவில்லை. நாலாம் நாள், "பூட்டி வை" என்றார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கத் தகப்பனிடம் அதற்குமேல் ஆசீர்வாதம் எதிர்பார்க்க முடியாது.

நான் அவளோடு கல்லூரியில் படித்தவன். துவக்கில் எனக்கு ஆர்வமில்லை. சனிக்கிழமைகளில் ரொக்ஸ்பரோவில் அவள் வீட்டு பேஸ்மென்டில் இருப்பதில் மிகுந்த ஆர்வம். கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அவள் தாய் அக்னெஸ் அன்ரியின் சட்டம்.

கடையில் வாங்கும் ரவை, அதாவது தோட்டா, எல்லாத் துவக்குக்கும் பொது. கத்தரினுக்குத் தன்னுடையதற்கென்றே வேண்டும். வெற்றுப் பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, அழுத்துப்பொறியின் கைப்பிடியை இழுத்து, பாய்கிற குண்டான சன்னத்தைக் கோதின் வாயில் இறக்குவாள். எவ்வளவு ஆழத்துக்கு என்பதில்தான் எல்லாம். குழலின் உட்புறச் சுழல்வரிகளைத் தொடுமுன் சன்னம் எவ்வளவு தூரம் பாய வேண்டும் என்று ஒவ்வொரு துவக்குக்கும் ஒரு விருப்பமாம். அது கிடைத்தால் ஐந்து சூடும் ஒரே இடத்தில் விழும். அதைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு சனியும் ஐந்து ஆழம், ஆழத்துக்கு ஐந்து ரவை, ஐந்து பை. பைகளில் இலக்கத் துண்டு ஒட்டுவது என் உத்தியோகம்.

சரியான ஆழம் கிடைத்தால் சனிக்கிழமைகள் முடிந்தன. ஆகவே ஒவ்வொரு சனியும் துண்டுகளை வேறு வேறு மாதிரி மாற்றி ஒட்டினேன். ஆழங்களுக்கிடையே தலைமயிர் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. மருந்தில் கை வைக்கவில்லை. நான் காதலன், முட்டாள் அல்ல.

மூன்றாம் சனி, சூட்டுத்திடலில் இலக்குத்தாளோடு வந்து மர வாங்கில் குந்தினாள்.

"முதல் கிழமை மூண்டாம் பை நல்லாயிருந்துது. போன கிழமை ஐஞ்சு. இண்டைக்கு ஒண்டு. துவக்கில பிழையில்லை விது, என்ர கைதான்."

"நல்ல கைதானே."

"நீ என்ன கைரேகைக்காரனோ? நான் மாகாணப் போட்டிக்குப் பேர் குடுக்கேல்லை. துவக்கையும் வித்துப்போடுவன்."

வலது கையை வேறு யாருடையதோ போல மடியில் போட்டிருந்தாள். மூன்று கிழமையாக நான் பிடிக்க ஆசைப்பட்ட கை.

"துண்டை நான் மாத்தினனான்."

"எந்தத் துண்டை?"

"பை இலக்கத்தை. மூண்டு கிழமையும்."

அடிக்கவில்லை. கொப்பியை விரித்தாள். "சொல்லு. எது எதோட?"

ஒரு சோதனைக்கும் எதுவும் ஞாபகம் வராதவன், எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவள் வெட்டி வெட்டி எழுதினாள். பேனா நின்றது.

"நாலாவது ஆழம். மூண்டு கிழமையும் நாலு! என்ர கை சரியாத்தான் இருந்திருக்கு!"

கொப்பியை முத்தமிட்டுக் கொஞ்சினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஏன்ரா மாத்தினாய்?"

"நாலு எண்டு தெரிஞ்சிருந்தால் முதல் சனியோட என்னை அனுப்பியிருப்பாய்."

கொப்பியை மூடினாள்.

"கேட்டிருக்கலாமே விது, சும்மா வரட்டோ எண்டு. ஓம் எண்டிருப்பன்."

"இப்ப கேக்கட்டோ?"

"இப்ப உன்னை நம்பி ஒரு துண்டு ஒட்டேலாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். ரயில் நிலையம்வரை காரில் கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் போட்டிக் கதை. அவ்வளவு சந்தோஷமாக அவளைக் கண்டதேயில்லை. ரயில் வந்தது, நான் கார் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.