மைத்ரேயியை வாங்கப் போன மொட்டை

மைத்ரேயி அழுதால் ரேணிகுண்டாவில் ரயில்கள் நின்றுவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வது மிகை. வேகம் குறையும், அவ்வளவுதான். அந்த இரண்டு வயதுக்காரியைப் பகலில் யாரிடம் விடுவது என்பதுதான் கோகுலகிருஷ்ணனின் கவலை. திங்கட்கிழமை அவன் மனைவி அக்ஷயா ஸ்ரீசிட்டி கம்பெனிக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். அவனுடைய பட்டறை மேஸ்திரியோ லீவு என்ற சொல்லையே கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமை ஒரு காப்பகத்தில் விட்டுப் பார்த்தார்கள். ஏசி, கேமரா, சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி. திருப்பதியில் எந்த வாரமும் யாராவது மலையில் முடி கொடுத்துவிட்டு வந்திருப்பார்கள். அன்று அங்கே பாதிப் பிள்ளைகள் சந்தனம் பூசிய மொட்டை. மைத்ரேயியும் மொட்டை. சாயங்காலம் அங்கிருந்த பெண் போனைப் பார்த்துக்கொண்டே ஒரு மொட்டையை நீட்டினாள். கோகுலகிருஷ்ணனும் வாங்கி வந்துவிட்டான்.

வீட்டில் அக்ஷயா ஜட்டி மாற்றினாள். "ஏங்க, காலைல பொண்ணதானே அனுப்பனேன்?" என்றாள்.

அவன் ஸ்கூட்டர் திரும்பப் பறந்த வேகத்தில் கபில தீர்த்தத்து அருவி ஒரு கணம் மேல்நோக்கிப் போனதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மைத்ரேயி காப்பகத்தில் யாருடைய பிஸ்கெட்டையோ தின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிறு முழுக்க அலைந்து, வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஜமீலாவைக் கண்டுபிடித்தார்கள். மலையில் டியூட்டி பார்ப்பவர்களின் பிள்ளைகள் அன்றும் அங்கே இருந்தார்கள். அக்ஷயா சமையலறையைப் பார்த்தாள், கக்கூஸைப் பார்த்தாள். சொல்லாமல் இன்னொரு முறை போய் எட்டியும் பார்த்தாள். திங்கள் காலை மகளோடு கணவனின் போட்டோவையும் கொடுத்து, இவரிடம் மட்டும்தான் பிள்ளையைத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறினாள். அன்று ரயில்களின் வேகம் குறையவில்லை.

சாயங்காலம் ஜமீலா கதவைப் பாதி திறந்தாள். போட்டோவில் சுருட்டை முடி, முறுக்கு மீசை. வாசலில் மொட்டை. குடும்பத்தோடு முடி கொடுத்தபோது அவன் மீசையையும் விட்டுவைக்கவில்லை.

"இது யாரு அண்ணா?" என்று போட்டோவைக் காட்டினாள்.

"நான்தாம்மா."

"அப்டியா. நல்லாருக்காரு."

உள்ளேயிருந்து "நைனா" என்று ஒரு குரல்.

"பாரு, அப்பாவ கூப்படறா."

"காலைல கேஸ் கொண்டாந்தவரையும் அப்டித்தான் கூப்ட்டா. அவருகிட்ட குடுத்து அனுப்பிச்சிருக்கணுமா?"

அக்ஷயாவுக்குப் போன் போகவில்லை. வேலை முடியும்வரை கம்பெனியில் போன் லாக்கரில்தான். ஜமீலா வெளியே நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள், கதவைச் சாத்தினாள். கோகுலகிருஷ்ணன் கோபப்படப் பார்த்தான், வரவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக வயிற்றில் ஏதோ இதமாக இறங்கியது. டீயாகவும் இருக்கலாம்.

கடைசியில் அக்ஷயா பஸ்ஸிலிருந்து பேசினாள். ஜமீலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவரு இப்ப மொட்டதான் அக்கா. சந்தேகமா இருந்தா, சனிக்கெழம என்னத்த தூக்கினு வந்தாருன்னு கேளுங்க."

ஜமீலா அவனைப் பார்த்தாள்.

"பையன," என்றான் டீ கிளாஸிடம்.

"அவரேதான். குடுத்துடுங்க. நாளைக்கும் அங்கதான் விடப்போறேன்."

ஜமீலா குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவன் உடனே கை நீட்டவில்லை. நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு அப்புறம்தான் வாங்கினான்.