ஆறு பத்து வண்டிக்குப் பதினான்கு உறைகள்

கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மண்டபத்தில் நாற்காலிகள் இருநூற்றுப் பத்து. அதற்கு மேல் ஒரு முக்காலிகூடப் போட இடமில்லை என்று மண்டபக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்கிற பொறுப்பை அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவள் தையல்காரி. அளவு நோட்டின் பின்பக்கங்களில் பெயர்களை எழுதிவைத்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒருவரை அடிப்பாள். மறுநாள் மனசு கேட்காமல் அவரையே மறுபடி சேர்ப்பாள். அடித்ததும் சேர்த்ததுமாகப் பட்டியல் பார்ப்பதற்கு ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகியிருந்தது.

கல்யாணப் பெண்ணுக்கு உத்தியோகமே பெயர் எழுதுவதுதான். ஒரு கல்லூரி அலுவலகத்தில், பட்டச் சான்றிதழ்களில் பெயருக்கென்று விட்டிருக்கும் இடத்தைப் பட்டை நிப்பால் நிரப்புகிறவள். வருஷத்துக்கு இரண்டாயிரம் பெயர். ‘ழ’வின் வாலை எங்கே நிறுத்துவது, நீளமான பெயரில் கொம்பும் காலும் ஒன்றோடொன்று இடிக்காமல் எப்படி உட்காரவைப்பது என்பதெல்லாம் யோசிக்காமலே அவள் கைக்கு வரும். அப்பேர்ப்பட்டவள் தன் கல்யாண உறைகளை அடுத்தவர் கையில் விடுவாளா? ஆனால் உறையைத் தேர்ந்தெடுத்தது அம்மா. பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்ததில் மயங்கி வாங்கிவிட்டாள். அதில் மை ஊறவே ஊறாது. எழுதிய எழுத்து குளத்து நீர் மாதிரி மேலே நிற்கும். ஒவ்வொரு உறையையும் கால் மணி நேரம் படுக்கவைத்தால்தான் காயும். அதனால் கட்டில், ஃபிரிட்ஜ் மேல், தையல் மிஷின், இஸ்திரிப் பலகை என்று வீடு முழுக்க உறைகள் படுத்திருந்தன. அப்பா இரண்டு வாரமாகப் பக்கவாட்டில்தான் நடந்தார்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். பத்தொன்பது வருஷமாகக் காலை ஆறு பத்து வண்டி அவருடையது. நாலரைக்கு எழுந்து, ஊர் முழிப்பதற்குள் டிப்போவுக்குப் போய்விடுவார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கண் சொருகும். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. சிநேகிதம் வைத்துக்கொள்ள நேரமும் வாய்த்ததில்லை. “உங்க பக்கம் இன்னும் யாராவது?” என்று அம்மா கேட்டபோதெல்லாம், “பாக்கலாம், பாக்கலாம்” என்றே நாளைக் கடத்தினார். நோட்டில் அவர் பக்கம் ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அதிலும் மூன்று பேர் டிப்போ அதிகாரிகள். மரியாதைக்குக் கூப்பிடுகிறவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்து முடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். டியூட்டி சீட்டின் பின்பக்கம். பென்சிலில் எழுதியிருந்தார். அம்மா அதை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.

“பச்சைக் குடை அம்மா. ரெண்டாவது சீட் நர்ஸ். டிபன் கேரியர்காரர். ஏறின உடனே தூங்குறவர். பூட்டுக்கடை. வயலின் பெட்டி. முன்னாடி சண்டை போட்டு இப்ப ஒண்ணா உக்கார்ற அக்கா தங்கச்சி…” நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். “என்னங்க இது? விருந்தாளி லிஸ்டா, பஸ்ல மறந்து விட்டுட்டுப் போன சாமான் லிஸ்டா?”

மகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தாள். பதினான்கு பேர். “பேரே இல்லாம உறைமேல என்னப்பா எழுதறது?”

“தெரியாதும்மா. தினம் ஏறும்போது தலையாட்டுவாங்க. நானும் ஆட்டுவேன்.”

“ஒரு தடவை கேட்டுட்டா போச்சு.”

“எப்படிம்மா கேக்கறது? பத்தொன்பது வருஷம் தலையாட்டிட்டு, இப்ப போய் உங்க பேரென்னன்னு கேட்டா முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கறது? ஓட்டுநருடன் பேசாதீர்கள்னு என் தலைக்கு மேலயே போர்டு இருக்கு. அவங்களும் பேசினதில்ல, நானும் பேசினதில்ல.”

“பேச்சுவார்த்தையே இல்லாதவங்களுக்கு எதுக்குங்க பத்திரிகை?” என்றாள் அம்மா. அவள் கோபமாகச் சொல்லவில்லை. நாற்காலிக் கணக்குத்தான் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “என் சித்தி மகனையே அடிச்சிருக்கேன். இதுக்கு மேல பதினாலு பேருக்கு நான் எங்க போவேன்?”

“சரி, பரவாயில்ல” என்றார் அப்பா. காகிதத்தை மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, உறைகளை மிதிக்காமல் பக்கவாட்டில் நடந்து உள்ளே போனார்.

அந்தப் ‘பரவாயில்ல’ மகளின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. எதற்கும் ஆசைப்பட்டு வாய் திறக்காத மனுஷர். அவர் ஒன்று கேட்டு, தான் சிரித்துவிட்டோமே என்று நாள் முழுக்க உறுத்தியது. துணி துவைக்கப் போட்டபோது சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அப்பா கிளம்பி ஒரு மணி நேரம் கழித்துத் தானும் கிளம்பினாள்.

ஆறே காலுக்கு வண்டி வந்தது. ஏறியவளைப் பார்த்து அப்பாவின் புருவம் ஓர் அங்குலம் ஏறி இறங்கியது. மற்றபடி எல்லாருக்கும் ஆட்டுகிற அதே தலையாட்டல். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள். மடியில் வயலின் பெட்டியோடு ஒருவர். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறவர். ஒரே சாயலில் இரண்டு பெண்கள். அப்பா எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொருவராக அடையாளம் தெரிந்தார்கள். தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் வண்டி நின்றது. கதவு திறந்தது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. கதவு மூடிக்கொண்டது. அதை அவள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து சீட்டில், இடுப்பில் சாவிக்கொத்து தொங்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூட்டுக்கடை இவராகத்தான் இருக்கவேண்டும் என்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அண்ணே, உங்க பேரு என்னங்க?” என்றாள்.

அவர் அவளையும் அவள் கையிலிருந்த நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “எதுக்கும்மா? ஏதாவது கணக்கெடுப்பா?”

“இல்லண்ணே. கல்யாணத்துக்குக் கூப்பிட.”

“யார் கல்யாணத்துக்கு?”

“என் கல்யாணத்துக்கு.”

“அது சரி, நீ யாரும்மா?”

“டிரைவரோட பொண்ணு.”

அவர் டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார். பிறகு வண்டிக்கே கேட்கும்படி, “ஏங்க, நம்ம முப்பது செகண்டுக்குப் பொண்ணு இருக்காம்! கல்யாணமாம்!” என்றார்.

முன்னால் இருந்த தலைகள் எல்லாம் திரும்பின. “யாரு முப்பது செகண்ட்?” என்று அவள் கேட்டதற்கு, இரண்டாவது சீட்டிலிருந்த நர்ஸ் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். “உங்கப்பாவைத்தாம்மா சொல்றோம். ஆள் ஓடி வர்றது கண்ணாடில தெரிஞ்சா முப்பது செகண்ட் நிப்பாரு. மத்தவங்க மாதிரி மூஞ்சில அடிச்ச மாதிரி கதவை மூடமாட்டாரு. என் புள்ளை கைக்குழந்தையா இருந்தப்ப ரெண்டு வருஷம் நான் தினம் ஓடித்தான் ஏறினேன். இவரு மட்டும் நிக்கலைன்னா அன்னிக்கே என் வேலை போயிருக்கும். அவரு பேரு என்னன்னு இன்னிவரைக்கும் தெரியாது.”

அதன்பிறகு நோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் அலையவேண்டியிருக்கவில்லை. பெயர்கள் தாமாக வந்தன. டிபன் கேரியர்காரர் பெயருக்கு முன்னால் முதலெழுத்து இரண்டு என்று விரலைக் காட்டினார். அக்காவும் தங்கையும், யார் பெயரை முதலில் எழுதுவது என்பதில் மறுபடி சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தார்கள். ஆளுக்கு ஓர் உறையாகத் தனித்தனியே எழுதுகிறேன் என்று சமாதானம் பண்ணினாள். தூங்குகிறவரை எழுப்பக் கை நீட்டியபோது பூட்டுக்கடைக்காரர் தடுத்தார். “எழுப்பாதே. பாலம் வந்தா தானா முழிப்பாரு.” பாலம் வந்தது. அவர் கண் திறந்தார், விஷயத்தைக் கேட்டார், பெயரைச் சொன்னார், மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசி நிறுத்தம் வருவதற்குள் பதின்மூன்று பெயர்கள் சேர்ந்துவிட்டன. மீதி பச்சைக் குடை ஒன்றுதான். “அந்தம்மா வந்து நாலு மாசமாச்சே” என்றாள் நர்ஸ். “எங்க போனாங்கன்னு யாருக்கும் தெரியல. தண்ணித்தொட்டி ஸ்டாப்லதான் ஏறுவாங்க.”

அப்போதுதான் அந்த ஆளில்லாத நிறுத்தம் அவளுக்குச் சுருக்கென்றது.

திரும்பி வரும்போது தண்ணீர்த்தொட்டியில் இறங்கிக்கொண்டாள். மூலையில் இருந்த சலவைக் கடையில் பச்சைக் குடை என்று சொன்னதுமே, எதிர் வீட்டு மாடியைக் கைகாட்டினார்கள். படியேறிக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நல்ல திடமான உடம்பு. மூட்டை நிறைய பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“மருந்துக் கம்பெனில லேபிள் ஒட்டற வேலைம்மா. வயசாச்சுன்னு நாலு மாசம் முன்னாடி அனுப்பிட்டாங்க. மாலை எல்லாம் போட்டாங்க. மறுநாள்லேர்ந்து பஸ் ஏற வேண்டியதில்ல. அந்த பஸ்காரங்ககிட்ட மட்டும் போயிட்டு வரேன்னு சொல்லல. என்னன்னு சொல்றது? ஒருத்தர் பேரும் தெரியாது. நான் வரலைன்னா யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்.”

ஜன்னல் பக்கம் பார்த்தார். “ஆனா காலைல முழிப்பு வந்துடுது. இங்க நின்னு பாப்பேன். ஆறே முக்காலுக்கு வண்டி வரும், நிக்கும். ஸ்டாப்ல ஈ காக்கா இருக்காது. ஆனாலும் நின்னுட்டுத்தான் போகும். யாருக்காக நிக்குதுன்னு நானும் நாலு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்.”

மகள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துக்கொண்டாள். சட்டென்று நோட்டைப் பிரித்து, “உங்க பேரு சொல்லுங்கம்மா” என்றாள்.

சொன்னார். எழுதப்போனவளின் கையைப் பிடித்து நிறுத்தினார். “மூணு சுழி ‘ண’ம்மா. சம்பளச் சீட்டு, கரன்ட் பில்லு, போட்ட மாலையோட குடுத்தாங்களே அந்தக் கேடயம், எல்லாத்துலயும் ரெண்டு சுழிதான். சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுது. நீயாவது சரியாப் போடு.”

அவள் பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டின் ஒரு முழுப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினாள். ‘ண’வுக்கு வந்ததும் நிதானித்து மூன்று சுழியையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி விட்டாள். அந்த அம்மா அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே வைத்துப் பார்த்தார். “இந்தப் பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்துட்டுப் போம்மா” என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா மிஷினை நிறுத்தாமல்தான் கேட்டாள். ஆளில்லாத நிறுத்தம் வந்தபோது மிஷின் நின்றது. அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். அங்கே ஒரு மூலையில் பொடி எழுத்தில் பதினைந்து என்று எழுதி வட்டம் போட்டிருந்தது.

“இது என்னம்மா?”

“எந்தக் கல்யாணத்துலயும் கூப்பிடாம வர்றவங்க பதினஞ்சு பேர் இருப்பாங்கடி. அவங்களுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்தேன். உங்கிட்டயும் சொல்லல, மாப்பிள்ளை வீட்லயும் சொல்லல.” வட்டத்தை அடித்தாள். “கூப்பிடாம வர்றவன் நின்னுக்கிட்டே சாப்பிட்டுப் போகட்டும். ஆனா ஒண்ணு, குடும்பத்துடன்னு மட்டும் எழுதித் தொலைச்சிடாதே. பதினாலு அம்பதாயிடும்.”

அன்று சாயங்காலமே மகள் எழுத உட்கார்ந்தாள். உறைகள் முடிந்தபிறகு இன்னொரு சிக்கல் தெரிந்தது. பத்திரிகைக்குள் அச்சடித்திருப்பது அப்பாவின் பெயர். அந்தப் பெயர் பதினான்கு பேரில் ஒருவருக்கும் தெரியாது. பிரித்துப் பார்த்தால் யார் வீட்டுக் கல்யாணம் என்று முழிப்பார்கள். சிறிய நிப்பை மாட்டி, பதினான்கு பத்திரிகைகளிலும் அப்பாவின் பெயருக்குக் கீழே ‘முப்பது செகண்ட்’ என்று எழுதிச் சேர்த்தாள்.

அப்பா எழுந்து வந்து ஒன்றை எடுத்துப் பார்த்தார். “இதை யாரு சொன்னா?”

“எல்லாருந்தான்.”

அவர் அதைக் கிட்டே பிடித்து இன்னொரு தரம் வாசித்தார். “முப்பதெல்லாம் இல்லம்மா. இருபதுதான் நிப்பேன்” என்றார். மை காயாத இடத்தில் அவர் கட்டைவிரல் பட்டு அந்தப் பத்திரிகை வீணாகிப்போனது. அவள் இன்னொன்றை எடுத்து எழுதினாள்.

திங்கட்கிழமை அவர் கையாலேயே கொடுத்தார். ஒவ்வொருவரும் ஏறும்போது, பெயரை ஒரு தரம் உதட்டுக்குள் சொல்லிப்பார்த்துவிட்டு நீட்டினாராம். தண்ணீர்த்தொட்டியில் பச்சைக் குடை அம்மா நின்றுகொண்டிருந்தார். எங்கும் போகிற வேலை இல்லாவிட்டாலும் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக வண்டி ஏழு நிமிஷம் தாமதம். டிப்போவில் ஏன் என்று கேட்டதற்கு, போக்குவரத்து என்று சொல்லிவிட்டாராம்.

கல்யாணத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். வயலின்காரருக்கு அன்று கச்சேரி. டிபன் கேரியர்காரருக்குக் காய்ச்சல். பூட்டுக்கடைக்காரர் மட்டும் ஏன் வரவில்லை என்று கடைசிவரை தெரியவில்லை. வந்தவர்கள் பின்வரிசையில் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். இத்தனை வருஷம் ஒரே வண்டியில் போனவர்கள், உறைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பெயரை ஒருவர் வாசித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள். தூங்குகிறவர் அன்று முழித்துக்கொண்டிருந்தார். அவர்தான் எல்லாரிலும் அதிகம் பேசினார்.

குடும்பப் படம் எடுக்க அப்பாவைத் தேடினார்கள். ஆளைக் காணோம். மேடையிலிருந்து பார்த்தால், அந்த மேஜையில் நர்ஸுக்கும் பச்சைக் குடை அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து இலேசாக வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் மூன்று முறை கூப்பிட்டும் காதில் விழவில்லை. கூட்டிவரப் போன அம்மாவையும் காணோம். அவளையும் உட்காரவைத்துவிட்டார்கள். அக்காவும் தங்கையும் கல்யாணப் பெண்ணின் உடுப்பைத் தைத்தது யார் என்று கேட்டிருக்கவேண்டும். அம்மா கையை விரித்து விரித்து அளவு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“யாரு அவங்கல்லாம்? உங்க சொந்தக்காரங்களா?” என்று மாப்பிள்ளை காதோரம் கேட்டான்.

“வா, சொல்றேன்” என்று அவள் எழுந்தாள். அவனும் எழுந்தான். போட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, விளக்கையும் கேமரா முக்காலியையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் போனார். நாலு பேர் இருக்கவேண்டிய அந்தப் படத்தில் பதினைந்து பேர் இருக்கிறார்கள்.