மூன்று மில்லி

பட்டறையில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பதினோரு வருஷமாக, இரும்பைச் சுழற்றிக் கடைகிற லேத் மெஷின் ஓட்டுகிறாள், அதனால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. ஒரு இடத்தில் ஒரு நிமிஷம் சேர்ந்தாற்போல உட்காரமாட்டாள், அவ்வளவுதான். கையும் சும்மா இருக்காது. அந்தக் கை செய்த காரியத்தால் கூடப்பிறந்த அண்ணன் மூன்று வருஷமாக அவளோடு பேசவில்லை.

ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ரிமோட் கார். முழங்கை நீளம்கூட இருக்காது. பள்ளிக்கூட நாளில் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கியது. இப்போது அந்த மாடலுக்கு உதிரிபாகமே கிடையாது. அண்ணனுக்கு அதில் ஒரு திருகு மாறினாலும் ஆகாது. இவளுக்கோ எதையும் இருந்தபடி விட்டுவைக்கத் தெரியாது. அவன் வெளியூர் போயிருந்த வாரத்தில், முன்சக்கரம் சுழலும் துளையைக் கடைந்து பெரிதாக்கிப் புது பேரிங் போட்டுவிட்டாள். ஓட்டம் என்னவோ வெண்ணெய்தான். அவன் வந்தான், பார்த்தான், காரைத் தூக்கிக்கொண்டு போனான். அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டது எல்லாம் அண்ணி வழியாகத்தான்.

அந்த அண்ணி சனிக்கிழமை பதினொரு மணிக்கு அட்டைப்பெட்டியோடு பட்டறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே அதே கார், பக்கத்தில் புத்தம்புதுச் சக்கரங்கள்.

"பழைய சக்கரமெல்லாம் விரிசல் விட்டுடுச்சு. எங்க தேடியும் கிடைக்கல. இதை மாட்டிக் குடு. நாலு மணிக்கு மைதானத்துல பழைய ரிமோட் வண்டிங்க ஓட்டம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் நீ கேக்காத. புதுசா எதை வேணா செஞ்சு மாட்டு. ஆனா பழசுல கை வெச்சேன்னு வை, இந்த ஜென்மத்துக்கு அவர் உன் வாசப்படி மிதிக்கமாட்டார். சொல்லிட்டேன்."

முன்பக்கம் இரண்டும் ஒரு சின்ன வளையத்தோடு உட்கார்ந்துவிட்டன. பின்பக்கம்தான் வம்பு. பழைய சக்கரத்தை ஓட்டுவது அச்சில் குறுக்கே செருகிய ஒரு ஊசி. புதுச் சக்கரத்துக்கு அறுகோணத்தில் ஒரு கட்டி வேண்டும். நடுவே ஒரு கட்டி கடைந்து போட்டால் இரண்டுக்கும் கல்யாணம் ஆகிவிடும். இது அவளுக்குக் கைவந்த வேலை. காரை மரக்கட்டைமேல் ஏற்றி அளந்தாள். எட்டு மில்லிமீட்டர் கனம். அலுமினியத்தில் இரண்டு கடைந்தாள், ஊசி உட்காரப் பள்ளமாகக் காடி வெட்டினாள், நடுவில் துளைபோட்டுப் பூட்டுத் திருகு வைத்தாள். மணி இரண்டரை. அடடா, என்ன பொருத்தம்! சீட்டி அடித்துக்கொண்டே காரைத் தரையில் வைத்துத் தள்ளினாள்.

கர்ர்ரென்று உரசியது. டயர் மேல்கூட்டின் வளைவில் இடித்து நின்றது.

காரை மறுபடி கட்டைமேல் தூக்கிவைத்துப் பார்த்தாள். எங்கே தப்பு என்று உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. கட்டைமேல் இருந்தபோது சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கின. தொங்கினால் உள்வாங்கும். தரையில் பாரம் விழுந்ததும் ஸ்பிரிங் அமுங்கி அகன்றுவிட்டன. தொங்குகிற வண்டியை அளந்திருக்கிறாள், மகராசி! நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்திருந்தால் நாறடித்திருப்பாள்.

மூன்று மில்லி அதிகம். கட்டியைச் சீவலாம் என்றால் திருகுத் துளை வாயைப் பிளந்துகொள்ளும். புதிதாகக் கடைய ஒன்றரை மணி நேரம் ஆகும், நாலு மணி போச்சு. இல்லையென்றால், கத்தரி. மேல்கூடு மெல்லிய பிளாஸ்டிக். அண்ணன் பதினாறு வயதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வர்ணம் அடித்தது. வளைவில் ஓரமாக ஒரு வெட்டு, இரண்டு நிமிஷம். யாருக்குத் தெரியப்போகிறது?

கத்தரியை எடுத்தாள். வைத்தாள். வாசல்வரை போய்க் கடிகாரம் பார்த்துவிட்டு வந்தாள், கடிகாரம் என்னவோ உள்ளேதான் இருந்தது. மறுபடி கத்தரி. கத்தரி வாய்க்குள் வளைவு வந்துவிட்டது. கை பரபரவென்று அரித்தது.

"சனியனே, ஒரு தடவையாவது சும்மா கிட," என்று தன் கையைத் தானே திட்டிவிட்டுக் கத்தரியை மேசைக்கடியில் எறிந்தாள். அலுமினியக் கம்பி தீர்ந்திருந்தது. பித்தளையை எடுத்து மெஷினில் பூட்டினாள்.

புதுக் கட்டிகளை மாட்டி, பஸ் பிடித்து, காரோடு மைதானத்துக்குள் அவள் ஓடி வந்தபோது மணி ஐந்தேகால். மேசைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு குட்டிச்சுவரில் உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்துகொள்ளவில்லை.

"நாலு மணிக்கு ஓட்டம்," என்றான். மூன்று வருஷத்தில் முதல் வார்த்தை.

அவள் மூச்சு வாங்க ஒன்றுவிடாமல் கொட்டினாள், தொங்கவிட்டு அளந்தது, உரசியது, கத்தரி, எல்லாம். அவன் காரை வாங்கித் திருப்பி வளைவின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"ரெண்டு நிமிஷ வேலை. வெட்டிட்டு வந்து தொலைச்சிருக்கலாம்ல, லூசு? உன் அண்ணியை அனுப்பினதே நான்தான். சக்கரத்துக்காகவா அனுப்பினேன்? எல்லா வண்டியும் ஓடி முடிச்சுது, நான் கேட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்."

அவள் குறுக்கே பாய்ந்தாள். "வெட்டியிருந்தா பேசியிருப்பியா?"

அவன் வளைவை மறுபடி தடவினான். காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"மாட்டேன்," என்றான்.

"அப்புறம் யாரைப் பாத்துடா லூசுங்கற?"

கண்ணில் தண்ணீர் ஓட ஓட அவள் போட்ட சத்தத்தில் மேசை மடக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் எழுந்து கத்தினான். பித்தளைக்குப் பாரம் அதிகம் என்று ஒருத்தர், அதிகமே இல்லை என்று ஒருத்தர். காவலாளி வந்து கேட்டைப் பூட்டவேண்டும் என்று சொல்கிறவரை இரண்டு பேரும் விடவில்லை.