பெரியப்பா யானையை நகர்த்தியபோது

நாலு மணிக்கு அவிநாசியிலிருந்து ரித்திகாவுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ண வருகிறார்கள். மணி மூன்றேகால். ரித்திகா சமையலறை வாசலில் நின்று, கூடத்தில் அப்பா குனிந்திருந்த சதுரங்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கசக்கிக் கசக்கித் துப்பட்டாவின் நுனி வேர்வையில் நனைந்துவிட்டது.

சாப்பிட்டு எழுந்ததும் அப்பா வாயைத் திறந்ததுதான் ஆரம்பம்.

"ஏனுங்கண்ணா, அம்மணி ப்ளஸ் டூ பிரைவேட்டா எழுதட்டுமுங்க. அதுக்கப்புறம் கல்யாணப் பேச்சப் பாக்கலாமுங்க."

பெரியப்பா தம்பிதுரை சிரித்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் இருந்த அவர் வீட்டில் மட்டுமல்ல, தம்பி குடும்பத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

"வகுப்புல எந்திரிச்சுப் படிக்கச் சொன்னதுக்கே அழுதுட்டுப் பள்ளிக்கூடத்த உட்டு நின்னுபோட்டவ, ப்ளஸ் டூ எழுதறாளாமா? சரி, பலகைய எடு. நீ ஜெயிச்சா புள்ள படிக்கட்டும், அவங்கள நானே வரவேண்டாம்னு சொல்லீர்றேன். தோத்தா பூ வெச்சுக்கலாம்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து அவர் பின்வாங்கியதை யாரும் பார்த்ததில்லை. தோற்பார் என்றும் யாரும் நினைக்கவில்லை. அவர் மாவட்டப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் அலமாரி நிறைய நின்றன. அப்பா சென்னியப்பன் கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் அட்டையில் கட்டம் கிழித்து, நட்டையும் போல்ட்டையும் காயாக வைத்து ஆடிப் பழகியவர். அண்ணனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அண்ணன் எது சொன்னாலும் "சரிங்கண்ணா" என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதுமில்லை.

"என்னடா சென்னி, மரை ஏறலியா?" என்று தம்பியின் லேத் வேலையை வைத்துக் கிண்டலடித்தார் பெரியப்பா.

அப்பா தன் யானையைப் பலகையின் நடுவில் திறந்து கிடந்த நெடுவரிசைக்குக் கொண்டுவந்து வைத்தார். அவருடைய ஓரத்துச் சிப்பாய் காவலில்லாமல் நின்றது. அப்பாவிடம் ஆடக் கற்றிருந்த ரித்திகா வாசலிலிருந்து ஓர் அடி முன்னே வந்தாள். அதையும் விட்டுவிட்டாரே.

அப்போது பெரியப்பாவின் ஃபோன் அடித்தது. அவிநாசி சம்பந்தி. பெரியப்பா சட்டென்று எழுந்து நின்றார். பெரிய மனிதர்களோடு ஃபோனில்கூட உட்கார்ந்து பேசுவது மரியாதையில்லை என்று நினைப்பவர். தோள் துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டார்.

"வாங்க வாங்க. அன்னூர் தாண்டீட்டீங்ளா? நல்லதுங்க. இங்க எல்லாம் தயாருங்க."

பேசியபடியே குனிந்து, கடைசி வரிசையில் இருந்த தன் யானையால் அந்த ஓரத்துச் சிப்பாயை வெட்டிவிட்டு நிமிர்ந்தார்.

பெரியப்பாவின் கடைசி வரிசையைக் காத்தது அந்த ஒரு யானைதான். இப்போது அவருடைய ராஜா சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டு நின்றது. அப்பாவின் யானைக்கு முன்னால் பாதை திறந்து கிடந்தது. அப்பா பார்த்துவிட்டாரா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பெரியப்பா பேசி முடித்து உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

"இருடா. ஃபோன் பேசீட்டே வெச்சுபோட்டேன். யானை பழைய எடத்துலயே இருக்கட்டும்."

அவர் கை யானையை நோக்கி நீண்டது. இப்போது "சரிங்கண்ணா" வரும். ரித்திகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேண்டாமுங்கண்ணா."

மெல்லிய குரல். அப்பாவுடையதுதானா என்று கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"வெச்சது வெச்சதுதானுங்க. எனக்கு ஆடச் சொல்லிக் குடுக்கறப்ப நீங்கதானுங்க சொன்னீங்க."

சமையலறையில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்பா யானையைக் கடைசி வரிசை வரைக்கும் தள்ளினார்.

"செக்மேட்டுங்கண்ணா." மன்னிப்புக் கேட்பதைப் போலிருந்தது.

பெரியப்பா எழுந்து நின்றார். அறைவார் என்று ரித்திகா நினைத்தாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்தே இருந்தார். பெரியப்பா ஃபோனை எடுத்தார்.

"ஏனுங்க, மன்னிச்சுக்கோணும். வண்டியத் திருப்பிக்குங்க. புள்ள படிக்கோணுமுங்க." அந்தப் பக்கம் இரைந்த குரல் அறை முழுக்கக் கேட்டது. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வைத்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "ஊட்டுக்குப் போடா" என்றார்.

பேருந்தில் அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு லீவு சொல்லீர்றேன் கண்ணு. பள்ளிக்கூடத்துல போய் ப்ளஸ் டூ எழுதறதுக்குப் பாரம் வாங்கலாம்."

"நீங்க கேளுங்கப்பா."

"நான் வெளிய நிக்கறேன். நீதான் கேக்கோணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஒரு பாரம் வேணுமுங்க சார். துடியலூர் தாண்டும்வரை உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். சத்தம் வரவில்லை.